கொண்டலைப் பற்றித் தென்றல் சொன்னது

புதுக்கொற்கையில் காலை எழுந்ததும் யாரும் முதலில் பல் தேய்ப்பதில்லை. இடது விலாவுக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்து, இரவெல்லாம் தங்களுக்காக மூச்சு வாங்கிக் களைத்த பேழையை உருவி வெந்நீரில் அலசுவார்கள். திரும்பச் செருகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தைகள் அந்த நேரம் பார்த்துத்தான் அடம்பிடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவால் திட்ட முடியாது என்பது அவற்றுக்குத் தெரியும்.

செவ்வாயின் குவிமாட ஊர்களில் காற்றை எவ்வளவு கெட்டிப்படுத்தினாலும் மனித நுரையீரலுக்குப் போதவில்லை. ஆகவே பிறந்த சில நாளிலேயே ஊர்மன்றத்து மருத்துவர்கள் குழந்தையின் விலாவில் ஒரு கூட்டைப் பொருத்திவிடுவார்கள். அந்தக் கூட்டுக்குள் செருகும் மூச்சுப்பேழையை மட்டும் அவரவர் விருப்பப்படி வாங்கிக்கொள்ளலாம். செய்பவர்கள் இரண்டே பேர். ராஜகனி செய்தது தென்றல். தங்கப்பழம் செய்தது கொண்டல். இரண்டும் பூமியில் விட்டுவந்த காற்றுகளின் பெயர்கள். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அங்கே வாழ்ந்தார்கள். அந்தக் கடலை அவர்கள் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

தொழிலில் போட்டியாளர்கள் என்றாலும் இருவருக்கும் பகை கிடையாது. ராஜகனியின் கணவர் திடீரென்று இறந்தபோது, அவளுடைய தொழிற்கூடம் நின்றுவிடாமல் தன் ஆட்களை அனுப்பி ஓட்டிக்கொடுத்தவர் தங்கப்பழம்தான். ராஜகனி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருடம் கொண்டலின் புதிய பேழை வந்தது. கைக்குள் அடங்கும் அளவு, கனமே இல்லை, சத்தமும் இல்லை. தென்றல் தூக்கத்தில் லேசாக விசிலடிக்கும். பல தம்பதிகளுக்குள் அதனால் சண்டை நடந்திருக்கிறது. ஊரில் பாதிப்பேர் கொண்டலுக்கு மாறினார்கள். ராஜகனியின் சரக்குக் கிட்டங்கியில் தென்றல் பேழைகள் அடுக்கு அடுக்காகத் தேங்கின.

போட்டிக் கம்பெனியின் சரக்கு வந்ததும் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது எல்லாக் காலத்துத் தொழிலிலும் உண்டு. தென்றலின் பொறியாளர் பிரகாசி அதைத்தான் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன ராஜகனியை அவள் குளிர்பெட்டியின் முன்னே இழுத்துவந்து நிறுத்தினாள்.

“அக்கா, இத கொஞ்சம் பாருங்க.”

பெட்டிக்குள் கொண்டல் பேழை ஒன்று செயற்கை மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்காற்று படும் பேழை வாயில் நகத்தளவு இதழ் ஒன்று உண்டு. மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும். பிரகாசி குளிரைக் கூட்டினாள். இதழ் படபடவென்று அடித்தது, தயங்கியது, பிறகு ஒட்டிக்கொண்டது. பேழை நின்றுவிட்டது. அவள் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டாள். சூடு பட்டதும் இதழ் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி அசைந்தது.

“அவுக சோதிச்சுப் பாத்திருப்பாகல்லா?” என்றாள் ராஜகனி.

“காஞ்ச காத்த விட்டுச் சோதிச்சிருப்பாங்க. மனுசன் மூச்சுல ஈரம் இருக்குல்லா? அந்த ஈரம் உறைஞ்சு இதழ ஒட்டிப்புடுது. சூடு பட்டா அடையாளமே இருக்காது. ஆளு செத்தபிறகு எடுத்துப் பாத்தாலும் பேழை நல்லாத்தான் ஓடும்.”

குவிமாடத்துக்குள் சாதாரணமாக அவ்வளவு குளிர் வராது. ஆனால் புழுதிக்காலம் வந்துகொண்டிருந்தது. வானத்தைப் புழுதி மூடி, வெயில் மங்கி, மின்சாரம் குறையும்போது ஊர் முழுவதும் கதகதப்பைக் குறைத்துவிடுவார்கள். வெளியே பனிக்கட்டிச் சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். பிரகாசியின் அண்ணன் மிக்கேல் அந்தச் சுரங்கத்தில்தான் இருந்தான். அவனுடைய விலாவிலும் கொண்டல்தான்.

“பொதுப்பலகையில எழுதிருவமா?” என்று பிரகாசி கேட்டாள்.

“மொதல்ல அண்ணாச்சிகிட்ட சொல்லணும். அதுதான் மொறை.”

தங்கப்பழம் அவளை உட்காரவைத்துச் சுக்குக்காப்பி கொடுத்தார். சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேசையைத் துணியால் துடைத்தபடி மெல்லச் சொன்னார்.

“ராஜகனி, நான் கேக்கக்கூடாது, இருந்தாலும் கேக்கேன். ஒன் கிட்டங்கி நெறைஞ்சு கெடக்கு. என் சரக்கு ஓடுது. இப்ப நீ வந்து என் சரக்கு ஆளக் கொல்லும்னு சொல்லுத. ஒன் எடத்துல நான் இருந்து, இப்படி ஒங்கிட்ட வந்து சொன்னா நீ என்ன நெனப்ப?”

ராஜகனி காப்பியைக் கீழே வைத்தாள். “பொறாமைன்னுதான் நெனப்பேன், அண்ணாச்சி. ஆனா குளிர்பெட்டியில வச்சும் பாப்பேன்.”

“பாக்கேன். ஆனா புழுதிக்காலத்துக்கு முன்னால சரக்கத் திருப்பி வாங்கச் சொல்லாத. ஒனக்குச் சந்தேகம் இருந்தா பலகையில எழுதிக்கோ. நான் தடுக்கமாட்டேன்.”

பொதுப்பலகை என்பது ஊரார் எல்லோருடைய கண்ணோரத்திலும் விரியும் எழுத்து. எந்தப் பொருளைப் பற்றியும் யாரும் எழுதலாம்; சொந்தப் பெயரில் எழுத வேண்டும். போட்டியாளரின் பொருளைப் பற்றி எழுதவும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் நாகரிகமுள்ள வியாபாரிகள் யாரும் அதைச் செய்ததில்லை. தென்றல் கம்பெனியிலேயே கணக்கரும் விற்பனையாளரும் வேண்டாம் என்றார்கள். எழுதினால் அசிங்கம், எழுதாமல் நாலு பேர் செத்தால் பாவம். அசிங்கத்தைச் சுமந்துகொள்ளலாம் என்று ராஜகனி முடிவு செய்தாள்.

அவள் எழுதியது இதுதான்: “நான் தென்றல் பேழை செய்கிறவள். கொண்டல் எங்கள் பேழையைவிட இலேசானது, சத்தம் குறைந்தது. கைக்குழந்தைகளுக்கு எங்களுடையதைவிட அதுவே ஏற்றது. ஆனால் கடுங்குளிரில் அதன் வாயிதழ் மூச்சின் ஈரத்தால் ஒட்டிக்கொள்கிறது. புழுதிக்காலம் முடியும்வரை அதை அணிய வேண்டாம். விரும்புகிறவர்கள் எங்கள் தொழிற்கூடத்துக்கு வந்து கண்ணால் பார்க்கலாம்.”

பலகையை நடத்தியது நெறியாளர் என்ற எந்திரம். எதையும் வெளியிடும் முன் அது கேள்வி கேட்கும்.

“நீங்கள் எழுதியது உண்மையா?”

“உண்மை.”

“மக்கள் இதை நம்பினால் உங்களுக்கு ஆதாயம் உண்டா?”

ராஜகனி பொய் சொல்லவில்லை. “உண்டு.”

“இரண்டையும் வெளியிடுகிறேன்” என்றது நெறியாளர். அவள் எழுதியது கறுப்பில் வந்தது. அதற்கு மேலே, சிவப்பில், இதை எழுதியவருக்கு ஆதாயம் உண்டு என்ற வரி வந்தது. ஊர் சிவப்பு வரியைப் படித்தது.

கண்ணால் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஆனால் கருத்துச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. முதலில் புகழ்வதுபோல் புகழ்ந்து பிறகு குத்தியிருக்கிறாளே, என்ன சாமர்த்தியம் என்றார்கள். கணவன் செத்தபோது கை கொடுத்த மனிதருக்கு அவள் காட்டும் நன்றி இதுவா என்றார்கள். தங்கப்பழம் பதிலுக்கு ஒரு வார்த்தை எழுதாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கொண்டல் முன்னைவிட வேகமாக விற்றது.

பிரகாசி தன் அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னாள். மிக்கேல் சிரித்தான்.

“ஏட்டி, ஒனக்குச் சம்பளம் குடுக்கது யாரு?”

“தென்றல்.”

“பெறகென்ன? நீ அப்படித்தான சொல்லுவ.”

“நான் ஒன் கூடப்பொறந்தவ அண்ணே!”

“அதனாலதான் சிரிச்சுட்டு விடுதேன். வேற ஆளுன்னா கோவம் வந்திருக்கும்.”

அவள் அழுதுகொண்டே தொழிற்கூடத்துக்குத் திரும்பினாள். ராஜகனி அன்று ஒரு முடிவுக்கு வந்தாள். ஆதாயம்தான் தடை என்றால் ஆதாயத்தை விட்டுவிடுவது. புழுதிக்காலம் முடியும்வரை தென்றல் புதிதாக ஒரு பேழையும் விற்காது, தேவைப்படுகிறவர்கள் இரவலாக வாங்கிக்கொள்ளலாம் என்று பலகையில் அறிவித்தாள். சிவப்பு வரி மறைந்தது. அவளுக்கு மனசு இலேசானது.

அது மறுநாள் மத்தியானம்வரை நிலைத்தது. தென்றல் தன் சரக்கை விற்காமல் நிறுத்திவிட்டதாமே, அப்படியென்றால் கோளாறு அதில்தான் இருந்திருக்கிறது, அதை மறைக்கத்தான் கொண்டல்மேல் பழி போட்டிருக்கிறாள் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. தென்றல் போட்டிருந்த மீதிப்பேரிலும் சிலர் கழற்றி எறிந்துவிட்டுக் கொண்டலுக்கு ஓடினார்கள்.

“உண்மையச் சொன்னதால கூடுதலா ஆளச் சாவடிக்கப் போறமோக்கா?” என்று பிரகாசி கேட்டாள். வடக்கு வானத்தில் புழுதி எழுந்துவிட்டதாக வானிலை நிலையம் சொல்லிக்கொண்டிருந்தது.

பொதுப்பலகையைத் தவிர ஊரில் இன்னொன்றும் இருந்தது. அதைக் காற்றுவாக்கு என்பார்கள். பெயர் கிடையாது, கேள்வி கேட்கும் எந்திரம் கிடையாது. யாரும் எதையும் முணுமுணுத்துவிட்டுப் போகலாம். படிப்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் படிப்பார்கள். புழுதி எழுந்த அன்று அதில் ஒரு பதிவு வந்தது.

“அம்மாமாரே, அக்காமாரே, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுதேன். எங்க பக்கத்து வீட்டுப் பையன் கொண்டல் போட்டுத் தூங்குனான். ஒடம்பெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடந்தான். குளிருல அடைச்சுக்கிச்சாம். நல்லவேளை பொழைச்சான். கம்பெனிக்காரன் இத மூடி மறைக்கான். எத்தன பேருக்குச் சொல்ல முடியுமோ சொல்லுங்க!”

எந்தப் பக்கத்து வீடு, எந்தப் பையன் என்று யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. சொல்லச் சொல்லப் பையன் இருவரானான், பிறகு ஒரு குடும்பமே ஆனான். தென்றல் வாசலில் வரிசை குவிமாடத்தின் விளிம்புவரை நீண்டது. ராஜகனி கிட்டங்கியைத் திறந்துவிட்டு எல்லோருக்கும் இரவல் பேழை எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் மிக்கேலும் நின்றான்.

“நான் சொல்லும்போது சிரிச்சியே?” என்றாள் பிரகாசி.

“நீ சொன்னதும் இதும் ஒண்ணாட்டி? இது யாரோ ஒரு பொம்பள, பாவம், பதறிப்போயி எழுதியிருக்கு.”

தங்கப்பழம் கொண்டல் பேழைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். புழுதி வந்தது, வெயில் மங்கியது, ஊர் பல நாள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தது. சுரங்க வாசலில் பிரகாசி சோதனைக்காக ஓடவிட்டிருந்த கொண்டல் பேழை முதல் குளிரிலேயே நின்றுபோனது. ஆனால் ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை.

ராஜகனி பிரகாசியைத் தனியே கூப்பிட்டாள். “அந்தப் பக்கத்து வீட்டுப் பையன எழுதுனது நீயா?”

“சத்தியமா இல்லக்கா. எழுதலாமான்னு நெனச்சேன். அதுக்குள்ள யாரோ எழுதிட்டாங்க.”

யார் என்பது வானம் தெளிந்த பிறகு தெரிந்தது. தங்கப்பழம் தனியாக வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“நீ வந்துட்டுப் போன அன்னைக்கே குளிர்பெட்டியில வச்சுப் பாத்துட்டேன் ராஜகனி. நீ சொன்னது சரி.”

“பெறகு ஏன் அண்ணாச்சி வாயத் தெறக்கல?”

“வெக்கம். கெட்ட புத்தின்னே வச்சுக்கோ. பிற்பாடு, சொல்லத்தான் செய்வோம்னு ஒருநாள் வாயத் தெறந்தேன். என் ஆளுகளே நம்பல. அந்தம்மாவுக்குப் பாவம் பாத்து அண்ணாச்சி விட்டுக்குடுக்காருன்னு சொல்லிட்டானுக. பலகையில போட்டாலும் ஊரு அதத்தான் சொல்லும்.” அவர் தலை குனிந்துகொண்டார். “பழைய பூமியில யாவாரிக பேர மறைச்சுக்கிட்டுத் தன் சரக்கத் தானே புகழ்ந்து எழுதுவாகளாம். நான் என் சரக்க ஏசி எழுதுனேன். அந்தப் பையன் என் கற்பனை.”

ராஜகனிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முடிவில் எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டாள்.

சில வாரங்களில் தங்கப்பழம் இதழை மாற்றி அமைத்தார். பிரகாசி அதை ஈரத்திலும் குளிரிலும் போட்டு வதைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. ராஜகனி தன் பெயரைப் போட்டுப் பொதுப்பலகையில் எழுதினாள்: கொண்டலின் குறை நீங்கிவிட்டது, தென்றல் கைக்குழந்தையின் விலாவுக்குப் பாரம், அதன் விசில் தூக்கத்தைக் கெடுக்கும், குழந்தைகளுக்குக் கொண்டலையே வாங்குங்கள். தனக்கு இதில் ஆதாயம் இல்லை, நட்டம்தான் என்று நெறியாளரிடம் சொன்னாள். நெறியாளர் அதையும் வெளியிட்டது.

அந்தம்மாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. கொண்டல் ஒன்றுகூட விற்கவில்லை. பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் தென்றல் கடைக்கே வந்தார்கள். கைப்பிடி அளவு விலாவுக்குள் தன் கனத்த பேழை இறங்குவதையும், குழந்தை முகத்தைச் சுளித்து வீறிடுவதையும் ராஜகனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வந்த குழந்தை போன பிறகு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காற்றுவாக்கைத் திறந்தாள்.

“அக்காமாரே, எங்க நாத்தனா மகளுக்குப் பச்சப் புள்ள. தென்றல் போட்டு ஒரே அழுகை. யாருக்கும் தெரியாமப் புதுக் கொண்டல் போட்டுப் பாத்தோம். புள்ள என்னமாத் தூங்குதுங்கீக! எல்லாருக்கும் சொல்லுங்க!” என்று எழுதி அனுப்பினாள்.

ராஜகனிக்கு நாத்தனாரே கிடையாது.

மறுநாள் கடையைத் திறந்ததும் ஒரு இளம்பெண் குழந்தையோடு வந்து பேழையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது வேண்டாம்க்கா. புள்ளைகளுக்குக் கொண்டல்தான் நல்லதாம்.”

“யாரு சொன்னா?”

“யாரோ. அவுக நாத்தனா மக புள்ளைக்குப் போட்டுப் பாத்திருக்காக.”

“நானும் அதத்தானம்மா பலகையில எழுதுனேன். பேரப் போட்டு எழுதுனேனே.”

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பெரியவளைப் புண்படுத்தாமல் சொல்ல வேண்டுமே என்ற கனிவோடு சிரித்தாள்.

“நீங்க யாவாரம் பண்ணுதவுகக்கா. அவுக யாரோ தெரியாதவுக. அவுகளுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?”