உடன்குரல்

"நான்கு நொடி காத்திருங்கள்" என்றது காதுக்குள் இருந்த குரல். இன்பவல்லி காத்திருந்தாள். எதிரே பாயில் உட்கார்ந்து அவளுடைய பதினான்கு மாதக் குழந்தை அல்லி இட்லித் தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்போது நீங்களும் தட்டைத் தொடுங்கள். 'சுத்துது' என்று ஒரே ஒரு சொல் போதும்."

"சுத்துது."

"நன்று. புன்னகையுங்கள்."

புன்னகைத்தாள். அவள் நெற்றியில் இருந்தது வெறும் பொட்டு அல்ல, கண்பொட்டு. பொட்டளவே உள்ள காமிரா. குழந்தையின் இமை அசைவையும் உதட்டுச் சுழிப்பையும் அது முகநோக்கு நிலையத்துக்கு அனுப்பும். அங்கே இருக்கும் கணிப்பொறி, அம்மா அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காதிலுள்ள உடன்குரல் வழியாகச் சொல்லும். கோயம்புத்தூரில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பொட்டும் குரலும் வந்துவிட்டன. பேச்சும் பழக்கமும் தாமதப்படும் பிள்ளைகளுக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு, தாமதம் வந்துவிடுமோ என்று பயந்தவர்களுக்கும் மாட்டிவிட்டார்கள். பெற்றவர்களின் பயத்தைப் போல நன்றாக விலைபோகும் சரக்கு வேறு இல்லை.

அல்லிக்கு உண்மையிலேயே தாமதம் இருந்தது. ஒன்பது மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, மழலை இல்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை. இந்த ஐந்து மாதத்தில் எல்லாம் வந்திருந்தது. குரல் கற்றுக்கொடுத்த பாடத்தில் ஒரு பிழையும் கிடையாது, வயிற்றெரிச்சலே அதுதான். முன்பு பயிற்சியாளர்கள் வீட்டுக்கே வந்து பாயில் உட்கார்ந்து இதையேதான் சொல்லித்தந்தார்கள்: பிள்ளை பார்ப்பதைப் பார், அவசரப்படாதே, அது ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல். பெற்றவர்களுக்குக் கைவந்ததும் எழுந்து போய்விடுவார்கள். முகநோக்கு நிலையம் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: எழுந்து போகாமல் இருப்பது.

இன்பவல்லியின் கணவன் தாமோதரனுக்கோ நிலையம் அன்றாடம் அம்மாவுக்குப் போடும் மதிப்பெண்தான் எல்லாம். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே சுவர்த்திரையைப் பார்ப்பான்.

"இன்பா, நேத்து உனக்குத் தொண்ணூத்தொண்ணு. எதிர்வீட்டுக்காரிக்கு எண்பத்தெட்டுதான்!"

பெற்ற பிள்ளையைக் கொஞ்சியதற்கு மார்க்கு. அதை எதிர்வீட்டோடு ஒப்பிட்டு ஒரு பெருமை. கேட்கவே குமட்டும். ஆனால் அந்த அடுக்ககத்தில் எவருக்கும் குமட்டவில்லை. மின்தூக்கியில் சந்தித்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு மார்க்கைத்தான் விசாரித்தார்கள்.

இறுதிச் சோதனைக்கு நிலையத்துக்குப் போனார்கள். கண்ணாடி அறைக்குள் தாயும் பிள்ளையும் மட்டும் மூன்று நிமிடம் இருக்க வேண்டும், உடன்குரல் நிறுத்தப்பட்டிருக்கும். அதுதான் விதி.

அல்லி ஒரு மஞ்சள் பந்தைக் கண்டாள். விரல் நீட்டினாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்து "ம்பா" என்றாள். எத்தனை பெரிய காரியம்! இன்பவல்லியின் உள்ளம் துள்ளியது. ஆனால் முகம் அசையவில்லை. காதில் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எதைச் சொல்வது, சிரிக்கலாமா, தப்பாகச் சிரித்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டால்?

அல்லி மறுபடி "ம்பா" என்றாள். கை தட்டினாள். பிறகு தவழ்ந்து வந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, பொறுமையாகக் காத்திருந்தாள்.

வெளியே வந்ததும் சோதனை அதிகாரி சுகிர்தா இனிக்க இனிக்கப் பேசினாள். "பாப்பாவுக்குத் தாமதம் இல்லைங்க சார், முழுசாச் சரியாயிடுச்சு. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் தாமதம் தெரியுது. பாப்பா கூப்பிட்டதுக்குப் பதில் வரப் பதினோரு நொடிங்க."

"எனக்குங்களா?" என்றாள் இன்பவல்லி.

"பயப்படாதீங்க, எங்ககிட்ட வர்ற அம்மாக்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இருக்கு. பெரியவங்களைத் திருத்தறது கஷ்டம்ங்க. அதனால பாப்பாவுக்கே ஒரு சிறுகுரல் குடுத்துடறோம். அம்மாவை எப்பப் பார்க்கணும், எவ்வளவு நேரம் விட்டுப்பிடிக்கணும்னு அது பாப்பாவைப் பழக்கிடும். தோடு மாதிரிதான் இருக்கும்."

நோயைக் கொடுத்தவன் மருந்தையும் நீட்டுகிறான், அதுவும் பால்குடிக்கும் பிள்ளைக்கு. தாமோதரன் முகம் மலர்ந்தது. "வெள்ளிக்கிழமை காது குத்தறோமுங்க. ஒரே குத்துல முடிச்சுடலாம்!"

வெள்ளிக்கிழமை காலை குலதெய்வக் கோயிலில் அல்லி தாய்மாமன் செங்கோடன் மடியில் உட்கார்ந்திருந்தாள். முறைப்படி தங்கத் தோடு அவர் கொண்டுவந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுக்கும்போது தாமோதரன் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து நீட்டினான்.

"இது என்னங்க மாப்ளை?"

"சிறுகுரலுங்க மச்சான். இன்பா குரல்லயே பேசும். அஞ்சு மாசமா அவ பேசினதெல்லாம் நிலையத்துல பதிஞ்சிருக்குதுங்களே."

"பெத்தவ பக்கத்துல நிக்கறப்ப அவ குரலு காதுக்குள்ள எதுக்குங்க?"

"இன்பாவுக்குத் தாமதம் இருக்குதுங்க."

செங்கோடன் பந்தலுக்கு வெளியே திரும்பிக் காறித் துப்பினார். "மாட்டுக்குக் கூட காதுல பட்டை மாட்டுனா நெம்பரு மட்டுந்தான் இருக்கும். நீங்க புள்ளைக்கு ஆத்தாளையே மாட்டறீங்களா? இன்பா, நீ சொல்லு அம்மிணி. வேண்டாம்னு ஒத்தை வார்த்தை சொல்லு, புள்ளையத் தூக்கிட்டு எந்திரிச்சுடறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. ஐந்து மாதமாகத் தனக்காக ஒரு சொல்லைத் தேர்ந்து பேசியிராத வாய் அது. காத்திருந்தாள்.

"வாக்குவாதம் குழந்தையைக் கலவரப்படுத்தும்" என்றது உடன்குரல். "புன்னகையுங்கள். தலையசையுங்கள்."

அவள் புன்னகைத்தாள். தலையசைத்தாள்.

ஊசி இறங்கியது, சிறுகுரல் காதில் ஏறியது. அல்லி வீறிட்டாள். "நான்கு நொடி..." என்று தொடங்கிய குரலை இன்பவல்லி காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள். கண்பொட்டைப் பிய்த்துப் போட்டாள். அண்ணன் மடியிலிருந்து பிள்ளையை வாரி எடுத்து, "அல்லி! கண்ணு! அம்மா இங்கதான் இருக்கேன் சாமி, வலிக்குதா என் தங்கத்துக்கு?" என்று மூச்சுவிடாமல் பேசினாள். ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை.

ஆனால் அல்லியின் அழுகை அதற்குள் நின்றுபோயிருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கண்களோடு மெல்லச் சிரித்தாள். பார்வை அம்மாவின் தோளைத் தாண்டி வெறும் வெளியில் நின்றது. சின்னக் கை காதிலிருந்த சிறுகுரலைத் தொட்டது.

"அம்மா" என்றாள்.

முதல் சொல். பந்தலே கை தட்டியது. தாமோதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா இன்பா! உன்னைத்தான் கூப்பிடறா!"

செங்கோடன் மட்டும் தான் கொண்டுவந்த தங்கத் தோட்டைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"அல்லி" என்று இன்பவல்லி மறுபடி கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிட்டாள். கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரைச்சல் பொறுக்காதவள் போலக் குழந்தை முகம் சுளித்து, காதைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.