கட்டிலில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

"என்னைக் கேக்காம என் கட்டில்ல என்னத்தடி ஒட்டி வச்சிருக்கே?"

காலை ஏழு மணிக்கே மாமியாரின் குரல் வீட்டைக் கிடுகிடுக்க வைத்தது. கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மருமகள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கட்டிலில் மஞ்சள் சீட்டு, பீரோவில் மஞ்சள் சீட்டு, மாமியார் பிடித்து நடக்கும் வாக்கரில்கூட மஞ்சள் சீட்டு! பேக்கிங் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. சிவப்பு ஒட்டியது கப்பலேறிச் சீனாவுக்குப் போகும், மஞ்சள் ஒட்டியது இங்கேயே இருக்கும். பிளாஸ்டிக் அச்சு செய்யும் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் மகன், சீன நகரம் ஒன்றில் திறக்கப்போகும் கிளைக்கு மூன்று வருஷம் தலைவனாகப் போகிறான். கம்பெனி விசா அவனுக்கும் மனைவிக்கும்தான்; அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் வந்துபோக ஒரு ஆள் ஏற்பாடு.

"புருஷனைக் கூட்டிட்டுக் கிளம்பறே... கிளம்பு! கிழவியை மட்டும் சாமானோட சாமானா சீட்டு ஒட்டி விட்டுட்டுப் போறியே, உன் நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"அத்தை, அது வந்து..."

"பேசாதே! பன்னெண்டு வருஷமா வாயே திறக்காம இருந்தது இதுக்குத்தானா?"

பாதி முகச்சவரத்தோடு மகன் வந்தான். அவனுக்கும் அவள்மேல்தான் எரிச்சல். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு மூன்று தடவை தேதி வாங்கிக் கொடுத்தும் அவள் போகவில்லை. "என்கூட வர இஷ்டமில்லேன்னா சொல்லித் தொலை" என்று போன வாரம்தான் கத்தியிருந்தான்.

பாவம், இரண்டு பக்கமும் இடி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். சொன்னால் மாமியார் தன்னைப் பாரமென்று நினைத்துக் குறுகிப்போவார். அவனோ பதினைந்து வருஷம் காத்திருந்த பதவியையே வேண்டாம் என்பான். மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பெட்டி கட்டப் போனாள்.

பத்து மணிக்குப் பேக்கிங் மேஸ்திரி பட்டியலோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், ரெண்டு பேர் போறதா எழுதியிருக்கு. ஆனா உங்க துணி, செருப்பு, தையல் மிஷின், எல்லாத்துலயும் மஞ்சளா இருக்கே! சார் சாமான் மட்டும்தான் சிவப்பு. மாத்தி ஒட்டிட்டீங்களா?"

மாமியார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானே மருமகளின் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். தட்டுக்குத் தட்டு மஞ்சள்.

"இது என்னடி கூத்து?"

அவள் உடைந்துபோனாள். "போன வருஷம் பாத்ரூம்ல விழுந்து ரெண்டு மணி நேரம் கெடந்தீங்களே அத்தை... நான் கடைக்குப் போயிருந்தேன். உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா அங்க எனக்கு ஒரு வாய் சோறு இறங்குமா? நான் வரலேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா இவரு வேலையே வேணாம்பாரு. அதான்..."

மகன் கட்டிவைத்த பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்னென்னமோ பேசிட்டேனே... மன்னிச்சுடும்மா" என்றான் மனைவியிடம்.

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "போனை எடுடா!" என்று அதட்டினார். அவருடைய மகள் இரண்டு வருஷமாக வந்து இரு, வந்து இரு என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டுச் சோறு தின்பதா என்று இவருக்குத்தான் வீம்பு!

"ஏய், உன் வீட்டுக் கீழ் ரூமைக் காலி பண்ணு. நான் வர்றேன்... ஆமாடி, நானேதான்! வீம்பெல்லாம் இவ உடைச்சுட்டா."

போனுக்குள்ளிருந்து மகள் போட்ட சந்தோஷக் கூச்சல் மேஸ்திரிக்கே கேட்டது. 

மாமியார் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "நாளைக்கே போய் டெஸ்ட் எடுத்துக்க. பாவி, ஒரு தடவையாவது எங்கூட சண்டை போட்டிருந்தா உன் மனசு எனக்குத் தெரிஞ்சிருக்குமேடி!"

"போடறேன் அத்தை, இப்பவே போடறேன்!" அவள் அழுகையோடு விரலை ஆட்டினாள். "உங்க மக வீட்டுல துணையில்லாம பாத்ரூமுக்குப் போனீங்கன்னு காதுல விழட்டும்... அடுத்த விமானத்துல வந்து நிப்பேன்!"

"அடி ஆத்தாடி! மிரட்டறாளே!" என்று மாமியார் அழுதுகொண்டே சிரித்தார்.