இரண்டாம் கல்லா

நான்கு திருகாணிகளையும் கழற்றி மேல்மூடியைத் தூக்கியபோது, இயந்திரத்துக்குள் தண்ணீர் இருந்தது.

காளியண்ணன் திருப்புளியைக் கையில் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றான். இரண்டு விரல் ஆழத்துக்குக் கலங்கிய பழுப்புத் தண்ணீர், அதில் பாதி மூழ்கிக் கிடந்த மின்பலகை, பலகையின் ஓரத்தில் தலைமுடி போல ஒட்டியிருந்த பாசி. சூடான தூசி வாசம் வர வேண்டிய பெட்டிக்குள்ளிருந்து வயல் கால்வாயின் சேற்று வாசம் எழும்பி மூக்கில் ஏறியது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவன் இதை அணைத்திருந்தான். அதுவரை இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பச்சை எண்கள் பளிச்சென்று எரிந்தன.

"கூரை ஒழுகுதா மொதலாளி?"

"மழையே இல்லையே தம்பி, பத்து நாளா," என்றார் சிவானந்தம். "எங்க இருந்து ஒழுகும்?"

காளியண்ணன் அண்ணாந்து பார்த்தான். கூரைப் பலகை காய்ந்திருந்தது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். அடியில் மேசையும் காய்ந்திருந்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு அது. மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையோரத்தில் சிவானந்தத்தின் மளிகைக் கடை. தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த வட்டாரத்தில் யார் கடையிலும் இல்லாத கம்ப்யூட்டர் கல்லா தன் கடையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு வாங்கிப் போட்டிருந்தார். பொருளுக்கு நான்கு இலக்க எண். அதைத் தட்டிப் பச்சைப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். கிள்ளானில் இருந்த கம்பெனியிலிருந்து வந்து அவற்றைப் பொருத்தியவன் காளியண்ணன். ரவாங் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவன், கம்ப்யூட்டர் படித்தவன், கம்பெனி வேனில் ஊர் ஊராகப் போகிறவன் என்று அவனுக்குள் ஒரு மிதப்பு உண்டு.

"தண்ணி மட்டும் இல்ல தம்பி," என்றார் சிவானந்தம். "தானா சீட்டும் அடிக்குது. நாகமணி, எடுத்து காட்டுலா."

முதல் கல்லாவில் நின்ற நாகமணி அவன் முகத்தைப் பார்க்காமல் நான்கு சீட்டுகளை நீட்டினாள். நான்கும் ஈரப்பட்டு உலர்ந்து முறுகியிருந்தன. ஊதா மையில் ஒவ்வொன்றிலும் ஒரே வரி. பயிற்சி 93. பயிற்சி 94. 95. 96. நான்கு நாட்கள். நான்கிலும் நேரம் ஆறு ஐம்பது.

காளியண்ணன் சீட்டுகளைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

"புரோகிராம் கோளாறுதான் மொதலாளி," என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இரண்டு மாதத்துக்கு முன், கடை திறப்பதற்கு முந்தின நாள், இதே மேசையில் இரண்டு பெண்களுக்கு அவன் பயிற்சி கொடுத்தான். சாவியைப் பயிற்சிப் பக்கம் திருப்பிவிட்டால் இயந்திரம் ஒவ்வொரு பதிவையும் எண்ணிக்கொண்டே வரும். நாகமணி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள். திலகம் மெதுவாகத்தான் கற்றாள். ஒரே விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அமுக்குவாள், ஒவ்வொரு தடவையும் சரிதானா என்று அவனை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. சிவானந்தம் சரக்கெடுக்கக் கிள்ளான் போயிருந்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஆறரைக்குக் கடைசி பஸ்ஸு. நான் கெளம்பட்டுமாண்ணே?"

"நூறு அடிச்சு முடி. தப்பில்லாம நூறு. அப்புறம் போ."

தொண்ணூற்று இரண்டில் அவனுக்கே பசித்தது. ஆறு ஐம்பதுக்கு இயந்திரத்தை அணைத்துவிட்டு, போதும், கிளம்பு என்றான். பஸ் போய்விட்டிருந்தது. அவள் வேனைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கவில்லை. "நான் அந்தப் பக்கம் போகலம்மா" என்று அவனாகவே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவள் கடை சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனாள். மறுநாள் காலையில், மூன்று மைல் தள்ளி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பெரிய கால்வாயில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

போலீசார் கேட்டபோது, ஐந்தரைக்கே பயிற்சி முடிந்துவிட்டது, இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றான். நேரம் அச்சான காகிதச் சுருளைக் கழற்றி எடுத்துப்போய் ஜெராம் கடற்கரையில் எரித்தான். யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை. அவனும் அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தான்.

இப்போது தண்ணீரை வடித்தான். பலகையைத் துடைத்து, மின்விசிறியில் காயவைத்து, வட்டிலிருந்து புரோகிராமைப் புதிதாக ஏற்றினான். ஊழியர் பட்டியலைத் திறந்து பார்த்தான்; திலகத்தின் பெயரை அவனே எப்போதோ அழித்திருந்தான், அது அங்கே இல்லை. சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சிவானந்தத்திடம் சொன்னான்.

ஆறரைக்கு மேல் வாடிக்கையாளர் கூட்டம் குறைந்தது. வெளியே வானம் செம்பனை எண்ணெய் நிறத்தில் மங்கிக்கொண்டு வந்தது. கருவாட்டு மூட்டையின் வாசமும், சாக்கின் வாசமும், எங்கோ வைக்கோல் எரியும் புகையும் கடைக்குள் கலந்து நின்றன. காளியண்ணன் இரண்டாம் கல்லாவின் முன் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். எதிரே குளிர்பெட்டி உறுமியது. பிறகு அதுவும் நின்றது.

சொட்.

பெட்டிக்குள்ளே.

சொட்.

ஏழாம் எண் பொத்தான் கீழே இறங்கியது. யாரும் தொடவில்லை. மெல்ல இறங்கி, மெல்ல எழும்பியது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. தேடுகிற நேரம் அது. பிறகு இரண்டு. பிறகு, இன்னும் நீண்ட தயக்கத்துக்குப் பின், பூஜ்யம். ஒன்பது. பச்சைப் பொத்தான். சீட்டு கரகரவென்று வெளியே வந்தது.

பயிற்சி 97.

அவன் நிமிரவில்லை. யாரோ தன்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. சரிதானா என்று.

மறுநாள் கம்பெனிக் கிடங்கிலிருந்து புது இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அட்டைப்பெட்டியின் நாடாவை சிவானந்தத்தின் கண்முன்னே அறுத்தான். பஞ்சுப் பொதியிலிருந்து எடுக்கும்போது உள்ளே எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஆறு ஐம்பதுக்கு அது 98 என்று அச்சடித்தது. மூடியைத் திறந்தால் இரண்டு விரல் ஆழத் தண்ணீர்.

அதற்கு மறுநாள் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி, தன் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சை எண்கள் எரிந்தன. 99.

"மின்சாரமே இல்லாம எப்படி தம்பி?" என்று சிவானந்தம் கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. அன்றே கதவில் சாமிப் படம் மாட்டினார். "எப்படியாச்சும் இத சரி பண்ணுங்க. என் ஆயுசு சம்பாத்தியம் பூரா இந்தக் கடைக்குள்ளதான் கெடக்கு."

காளியண்ணன் வேனில் ஏறும்போது நாகமணி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, அது எது வரைக்கும் எண்ணும்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்ணே." அவள் நிறுத்தவில்லை. "போலீஸ்கிட்ட அஞ்சரைன்னு சொன்னீங்க. நான் பஸ்ஸு ஏறுறப்ப அவ உள்ள இருந்தா. கண்ணாடி வழியா கை காட்டினா. நான் வாயத் தொறக்கல. வீட்டுல ரெண்டு தங்கச்சி, நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். வேல போயிருமோன்னு பயந்துட்டேன்."

காளியண்ணன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். யாரிடமும் சொல்லாததை சாலையோரத்தில், லோரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போக, அவளிடம் சொன்னான். அவள் திட்டுவாள் என்று நினைத்தான். அவள் கேட்டுவிட்டு, "நூறு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். தான் பொய் சொன்னதாகவும், அந்தப் பெண்ணை ஆறு ஐம்பது வரை வைத்திருந்தது தான்தான் என்றும் சொன்னான். சார்ஜன்ட் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். மழை, வழுக்கல், விபத்து. கோப்பு மூடப்பட்டுவிட்டது. ஒரு மணி நேரம் முன்னே பின்னே இருந்தால் என்ன, மழை பெய்தது மழைதானே என்று மலாயில் சாந்தமாகக் கேட்டார். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கச் சொன்னார். அவனைத் தண்டிக்க யாரும் தயாராக இல்லை. வெயிலில் வந்து நின்றபோது அவனுக்கு அழுகை வந்தது.

ஐந்து மணிக்கெல்லாம் சிவானந்தம் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார். காளியண்ணன் உள்ளேயே இருந்தான். நாகமணி வீட்டுக்குப் போகவில்லை.

"நீ போம்மா."

"அன்னிக்கு அப்படித்தான் போனேன்," என்றாள்.

இருவரும் இரண்டாம் கல்லாவின் முன் உட்கார்ந்தார்கள். பாதி இறக்கிய இரும்புக் கதவின் அடியில் சாயங்கால வெளிச்சம் ஒரு பாயளவுக்கு விழுந்து, சுருங்கி, வாசலோடு நின்றது. அடுக்குகளில் பால் டின்களின் வரிசை இருட்டுக்குள் போனது. தூரத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து பாங்கு ஒலிப்பதற்கு முந்தைய கரகரப்பு கேட்டது. பிறகு அந்த வாசம் வந்தது. சேறு, அழுகிய நெல்தாள், குளிர்ந்த தண்ணீர்.

பொத்தான் இறங்கியது. ஒன்று. தேடல். இன்னொன்று. தேடல்.

"திலகம்," என்றான் காளியண்ணன். "போதும்மா. நீ நல்லா அடிச்ச. தப்பே இல்ல. நான்தான்... நான்தான் ஒன்னக் கொண்டு விட்டிருக்கணும். போதும். போ."

பச்சைப் பொத்தான். சீட்டு வந்தது.

பயிற்சி 100.

எண்கள் அணைந்தன. பாங்கு ஒலித்தது. குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. வாசம் மெல்ல விலகி, கருவாட்டு வாசம் திரும்பி வந்தது. நாகமணி இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"போயிட்டாண்ணே. போயிட்டா."

மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இருந்தாலும் அந்த இயந்திரம் இனி இங்கே வேண்டாம் என்று தோன்றியது. கம்பிகளைக் கழற்றி, பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிப் போய் வேனில் வைத்துப் பூட்டினான். பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினான். நாகமணியை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இரும்புக் கதவுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான்.

டக்.

டக்.

நாகமணி வெறும் மேசையின் முன் உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் இருந்த இடத்தில், வெறும் மரத்தின்மேல், அவளுடைய வலது கையின் ஒரே விரல் அமுக்கிக்கொண்டிருந்தது. அமுக்கும். நிற்கும். தேடும். அமுக்கும்.

"நாகமணி."

அவள் திரும்பினாள். கண்கள் அவளுடையவைதான். அவற்றில் பயம் இருந்தது.

"அண்ணே, நான் செய்யல. என் கைய நிறுத்துங்க. நிறுத்துங்கண்ணே."

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தான். ஐஸ் போலிருந்தது. விரல்நுனிகள் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியதைப் போலச் சுருங்கியிருந்தன. பலமெல்லாம் சேர்த்து மேசையோடு அழுத்தினான். அவன் உள்ளங்கைக்கு அடியில் விரல் நகர்ந்தது. அவனைவிடப் பலமாக.

"எவ்வளவு நேரம்ணே? இன்னும் எவ்வளவு?"

அவன் பதில் சொல்ல வாய் திறந்தான்.

அவனுடைய ஆள்காட்டி விரல் எழும்பியது.

அவன் எழுப்பவில்லை. அது நின்றது. தேடியது. மரத்தின்மேல் இறங்கியது. டக். கையை இழுத்தான், தோள் இழுபட்டது, கை வரவில்லை. டக். நாகமணியின் விரலும் அவன் விரலும் ஒன்றாக எழும்பின. ஒன்றாகத் தேடின. நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்துக்கொண்டு வந்ததை அவன் பார்த்தான். ஒவ்வொரு தட்டுக்கும் காய்ந்த மரத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. பழுப்புத் தண்ணீர். மேசை விளிம்பில் திரண்டு, அவள் மடியிலும் அவன் காலிலும் வடிந்தது.

"நூத்தி ஒண்ணு," என்றாள் நாகமணி, அழுதுகொண்டே.

இருவரும் நிமிர்ந்தார்கள். நிமிர விரும்பவில்லை; கழுத்து தானாக நிமிர்ந்தது. மேசைக்கு எதிர்ப்புறம், காளியண்ணன் பயிற்சி கொடுத்தபோது நின்ற இடத்தில், தரையெல்லாம் ஈரமாகிக்கொண்டு வந்தது. அங்கே நிற்பவளிடம், சரிதானா என்று கேட்பதைப் போல, இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரல்கள் மறுபடி எழும்பின.