முழு உரிமை

குட்டியின் பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகப் போட்டு அவள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைந்ததும், அதே பெயரில் இன்னொருவரும் உள்ளே இருப்பதாகத் திரை காட்டியது.

விடுமுறை நாள் சாயங்காலம். காலி அலுவலகத்தில் பழைய கார்ப்பெட் வாடையும், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சர்வர் அறையின் விசிறிகள் ஓயாமல் இரைகிற சத்தமும், மேசைகளுக்கடியில் மெல்ல நீண்டுகொண்டிருந்த நிழல்களும் தவிர வேறெதுவும் இல்லை. அந்த நெட்வொர்க்கை வயர் வயராக இழுத்துக் கட்டியவள் அவள். ஆபீஸே அவளை ரவுட்டர் அக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் வேலைக்கேற்ப அனுமதிகளைப் பிரித்தபோது, எதையும் மாற்றக்கூடிய முழு உரிமை நேற்று வந்த குட்டிக்குப் போனது. அக்காவுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. அதிலிருந்து குட்டி சிரித்தால் இவளுக்கு வயிறு எரிந்தது. சிரிக்காவிட்டால் திமிராகத் தெரிந்தது. குட்டி இளைத்து, கண்ணுக்கடியில் கருத்துப்போனதைக்கூடப் பதவிப் பவிசு என்றே நினைத்தாள். இன்று குட்டி பெயரிலேயே, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்சை அணைத்துவிட்டால், நாளைக்கு அவள் முழிப்பதை ஆசை தீரப் பார்க்கலாம்.

சும்மா விசாரிப்பதுபோல் போன் போட்டாள். "ஏய், நீ இப்ப லாகின்ல இருக்கியா?"

"இல்லையேக்கா. வீட்ல துணி மடிச்சிட்டிருக்கேன்."

கீபோர்டை யாரும் தொடவில்லை. திரையில் எழுத்துகள் ஓடின. அக்காவின் பெயர். அதற்கு எதிரே: முழு உரிமை.

ஒரு கணம் மனசு குளிர்ந்துபோனது. அப்புறம்தான் உறைத்தது. அந்த இன்னொரு லாகின் வெளியிலிருந்து வரவில்லை. பூட்டிய சர்வர் அறைக்குள்ளிருந்து வந்தது.

"குட்டி… உள்ள யாருடி?"



"என் பேர்ல உள்ள போனீங்களா? அது உங்க பேர எழுதிடுச்சா?"

"ஆமா."

குட்டி விம்மினாள். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. "எனக்கு வேண்டாம்னு மேனேஜர்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன்க்கா. இனிமேலாவது தூங்குவேன். ரொம்ப நன்றிக்கா."

வைத்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவின் பூட்டு தானாகத் திறந்தது. குளிர்காற்று. முடி கருகும் வாடை. சாதன அடுக்குகளுக்கு நடுவே, தரையில், முதுகைக் காட்டியபடி ஒன்று. விரல்கள். நீல வயர்களோடு வயராகத் துளைகளுக்குள் நுழைந்திருந்த நீண்ட விரல்கள்.

அது திரும்பவில்லை.

மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டது.