கரைக்குப் பேச வந்தவர்

தொண்டைக்கு இதமாக வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார் பேராசிரியர் மொரோகுமா. ஊர் வரலாற்றுக் கழகத்தின் பொருளாளரான ஒகினோ அம்மாள், கோப்பையில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டுப் பிறகு வெந்நீரைச் சேர்த்தாள். பேராசிரியருக்குச் சிரிப்பு வந்தது. பிணத்தைக் குளிப்பாட்டத்தான் அப்படிக் கலப்பார்கள். சாவு வீட்டில் எல்லாமே தலைகீழ் என்று பாடம் நடத்தியே தலை நரைத்தவர் அவர். இந்தப் பட்டிக்காட்டுக்கு அதுகூடத் தெரியவில்லை.

வரலாற்றுக் கழகமாம்! ஒரு ஊறுகாய்க் கடைக்காரர், ஒரு முடிதிருத்துபவர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் வாய்க்கு ஓய்வு கொடுக்காத சில கிழங்கள். மாதம் ஒரு பேச்சாளரைப் பிடித்துவந்து உட்காரவைத்து, கேட்டுக்கொண்டே தூங்குவார்கள். இன்று மதியம் அவரைக் கொட்டும் மழையில் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போய், கரையில் விழுந்திருந்த வெடிப்பைக் காட்டினார்கள். வெடிப்பைப் பார்த்து வரலாற்றுப் பேராசிரியர் என்ன செய்ய வேண்டுமாம்? கோட்டு நனைந்ததுதான் மிச்சம். ஒகினோ அம்மாள் ஒரு வெள்ளை அங்கி கொடுத்து, வலது மடிப்பு மேலே வரும்படி தானே இழுத்துக் கட்டிவிட்டாள். அதுவும் பிணத்துக்குக் கட்டும் முறை. உடுத்தத் தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டு மேடை ஏறினார்.

மண்டபத்தில் மண்ணெண்ணெய் அடுப்பின் நெடியும், ஈரக் கோரைப்பாயின் புழுங்கிய வாடையும், கிழவர்களின் மேல்துணிகளில் ஊறிய ஊறுகாய்ப் புளிப்பும் கலந்து மூச்சை அடைத்தன. சுவருக்கு அப்பால் ஆறு இரைந்துகொண்டிருந்தது. பேசப் பேச அந்த இரைச்சல் நெருங்கி வருவதுபோல அவருக்குப் பட்டது.

"கரை உடைஞ்சப்போ, அது நிக்கணும்னு ஒரு துறவி தானா முன்வந்து உயிரோட கரைக்குள்ள உக்காந்தாருன்னு பெருமை பேசுறீங்க" என்றார். "எவனாவது தானா வருவானா? நாலு பேரு சேர்ந்து ஏமாத்திப் பொதைச்சாங்கன்னு சொல்லுங்க, நம்புறேன். ஆனா உங்க முன்னோருக்கு அந்த அளவுக்கு மூளை இருந்திருக்காது."

யாரும் கோபப்படவில்லை. யாரும் தூங்கவும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

"சரியாச் சொன்னீங்க, சென்செய்" என்றார் கழகத் தலைவர் ஷிமோயாமா, ஆசானை விளிக்கும் நிறைந்த மரியாதையோடு. "அவரு தானா வரல. பேசத்தான் வந்தாரு. எங்காளுங்கள முட்டாப்பசங்கன்னு நல்லாத் திட்டினாராம்."

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. முடிதிருத்துபவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சின்னப் பையனா இருந்தப்ப வந்தவரும் அப்படித்தான். என்னா வாய் அந்த மனுசனுக்கு!"

"அவர் இப்போ எங்க இருக்கார்?" எரிச்சலோடு கேட்டார் மொரோகுமா.

"இங்கதான், சென்செய். எங்க போகப் போறாரு?"

மழை வலுத்தது. முதுகுப்பக்கம் ஈரக் காற்று பட்டதும் அவர் திரும்பினார். பின்னால் மடிப்புத் திரை ஒன்று நின்றது. வந்தபோது அது அங்கே இல்லை. அதில் வரைந்திருந்த கொக்குகளின் கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பிணத்தின் தலைமாட்டில்தான் திரையைத் தலைகீழாக வைப்பார்கள்.

தண்ணீர். அங்கி. திரை.

இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

ஒகினோ அம்மாள் ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கூம்பாகக் குவித்த சோறு. நடுவில் செங்குத்தாக நட்ட சாப்பாட்டுக் குச்சிகள். செத்தவர்களுக்குப் படைப்பது.

"எனக்கு... எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க, சென்செய். கரை இன்னிக்குத் தாங்காது."

ஓடினார். வாசலில் அவருடைய சப்பாத்து இல்லை. இருந்தது பிணத்துக்கு மாட்டிவிடும் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு. கதவை இழுத்தார். அசையவில்லை. பின்கதவு மட்டும் திறந்திருந்தது. வெறுங்காலோடு பாய்ந்தார்.

பின்னால் ஏதோ உடைந்து சிதறியது. திரும்பிப் பார்த்தார். அவர் குடித்த கோப்பை. செத்தவன் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்றுதான் அவன் புழங்கியதை உடைப்பார்கள். வாசற்படியில் எல்லோரும் கைகூப்பி, இடுப்பு வளைய வணங்கி நின்றார்கள். யாரும் துரத்தவில்லை.

எதிரே கரை. மதியம் விரல் நுழையும் அளவில் இருந்த வெடிப்பு, இப்போது அறையாக வாய் திறந்திருந்தது.

உள்ளே சேற்றில் மண்டியிட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கேட்க வந்தவர்களைப் போல. எல்லோருடைய அங்கியிலும் வலது மடிப்பு மேலே. ஓரத்தில் இருந்தவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மண் அடைத்த வாயோடு அவர் மொரோகுமாவை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு, சற்றே நகர்ந்து இடம் விட்டார்.