இரண்டு முறை அலசிய மணல்

"லோடைத் திருப்பிக் கொண்டு போயிருங்க!"

கிருபாசங்கருக்குக் காது கூசியது. மூன்று மாவட்டத்துக்கு மணல் ஏற்றுகிற வெள்ளகோவில்காரன் அவன். ஒரு லோடுகூட இதுவரை திரும்பியதில்லை.

எதிரே நின்றவள் நந்திதா, மேட்டுப்பாளையம் குடிநீர் நிலையத்துப் பொறியாளர். கையில் ஒரு பாட்டில். அவன் மணலைத் தண்ணீரோடு குலுக்கியிருந்தாள். தண்ணீர் டீயாகக் கலங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, இத்தனை புழுதி இருந்தா சேறு எப்படிங்க வடியும்?"

"ஊடு கட்டறவங்களே வாயத் தொறக்கறதில்ல அம்மணி. சேத்துக்கு அடியில போடற மணலுக்கு இத்தனை பவுசா?"

அவள் முறைத்தாள். மை இல்லாமலே அத்தனை கறுப்பு அந்தக் கண்கள்... பேரம் பேச வந்தவன் பேரத்தை விட்டு அவற்றையே பார்த்தான்.

ஆற்றுநீர் தெளிந்தபின் தங்கும் சேற்றைக் காயவைக்க, மோட்டாரே இல்லாத மணல் படுக்கை ஒன்றை வரைந்திருந்தாள் அவள். பாதி ஈரம் கீழே வடியும், மீதியை வெயில் குடிக்கும். சேறு விட்டுப் பன்னிரண்டு நாளில் காயாவிட்டால் மெஷின்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவளுடைய இரண்டு வருட உழைப்பு அதோடு போய்விடும்.

கிருபாசங்கர் ரோஷத்தோடு கிளம்பிப் போனான். மூன்றாம் நாள், இரண்டு முறை அலசிய மணலோடு வந்து நின்றான். பாட்டிலை அவனே குலுக்கினான். தண்ணீர் தெளிவாக நின்றது. அவள் சிரித்தாள்... அவன் கலங்கினான்.

அந்த மணல் மேல் சேறு விட்ட ஒன்பதாம் நாள். மேலே வெடிப்பு விட ஆரம்பித்த நேரம் பார்த்து... மழை! படுக்கையைப் பார்க்க வந்திருந்த கிருபாசங்கர் லாரித் தார்ப்பாயோடு ஓடிவந்தான்.

"மூடாதீங்க! மழை பெஞ்சாலும் தானா வடியோணும். அதுதானுங்க டிசைன்."

"நனையறீங்களே!"

"அப்ப என்ற தலைக்கு மேல புடிங்க..."

ஒரே தார்ப்பாய்க்குள் இரண்டு பேர். அவள் இமையில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று நின்றது. வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் அடிக்குழாயில் பளிங்காகக் கொட்டியதை அவள் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், செருப்பைக் கழற்றிவிட்டு நந்திதா படுக்கை மேல் ஏறி நின்றாள். கால் புதையவில்லை. மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"அடுத்த ஏழு படுக்கைக்கும் உங்க மணல்தானுங்க."

"மணல் கெடக்கட்டும் அம்மணி..." ஊரையே பேச்சில் மடக்குகிறவன் தடுமாறினான். "என்ற மனசையும் ஒருக்கா குலுக்கிப் பாருங்க. கசடு இருந்தா... திருப்பி அனுப்பிச்சுருங்க."

அவள் காலடி வெடிப்பையே பார்த்தாள்.

"மழையன்னிக்கே பாத்துப்போட்டேனுங்க."

"பாத்து...?"

"இந்த லோடு திரும்பாதுங்க."