கம்பியின் மறுமுனை

பன்னிரண்டாவது கோட்டில் எழ வேண்டிய மணியோசை பதினொன்றாவது கோட்டில் எழுந்தது. அவன் முதலில் சந்தேகப்பட்டது தன் காதைத்தான். மத்தியானச் சாப்பாடு உள்ளே போன கையோடு வேலைக்கு உட்கார்ந்தால் இப்படித்தான், வயிற்றோடு சேர்ந்து காதும் கண்ணயர்ந்துவிடும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, சுண்டுவிரலால் காதைக் குடைந்துவிட்டு மறுபடி தொட்டான். பன்னிரண்டில் தொப்பென்று ஒரு செத்த சத்தம். பதினொன்றில் பளிச்சென்று மணி.

கிட்டார் பழுதுபார்க்கிறவர்கள் வேலையைத் தொடங்குவதே இந்த ஓசையில்தான். கம்பியின் நட்டநடுவில் விரலை வைத்தும் வைக்காமலும் தொட்டு மீட்டினால் சன்னமாக மணியடித்தது போல எழும். கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகக் கோடுகளில், தலைப்பக்கமிருந்து எண்ணினால், பன்னிரண்டாவதுதான் அந்த நடு. செய்தவன் அளந்து பதித்தது, அதில் தப்பு வராது. மணி பதினொன்றில் எழுகிறது என்றால், தலைப்பக்கம் கம்பி முடிகிற இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரற்கடை கம்பி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இல்லை. கண்ணெதிரே, தலைப்பக்க எலும்புத் துண்டின் பள்ளத்தில் உட்கார்ந்து, சுதி முறுக்கும் சாவியைச் சுற்றி முடிந்துபோயிருந்தது.

கிட்டாரைக் கொண்டுவந்தவர் ஹோட்டல்களில் வாசிக்கிற ஆள். ஆறாவது கம்பி, அந்தத் தடித்த கம்பி மட்டும், என்ன செய்தாலும் சுதி சேரமாட்டேன் என்கிறது, போகாத கடை இல்லை, எல்லாரும் கும்பிடு போட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று சொன்னார். அவசரமே இல்லை, மெதுவாகப் பாருங்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவர் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, அழுகை கேட்பதற்குள் ஓடுகிற அப்பா மாதிரி ஓடினார். அவன் சிரித்துக்கொண்டான். அடுத்தவன் கைவிட்ட வேலை என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அடுத்த அறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கிற நர்ஸ். பகல்தான் அவளுக்கு ராத்திரி. நான் கண்ணை மூடினப்புறம் இந்த வீட்டில் பல்லிகூட அனுமதி கேட்டுத்தான் கத்த வேண்டும் என்று காலையில் சட்டம் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். அதனால் ஸ்பீக்கரைப் போடாமல், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, மேசை விளக்கின் வெளிச்சத்தில் வெறும் கம்பியின் சத்தத்தை வைத்தே வேலை பார்த்தான். வெளியே மழை வரப்போகிற புழுக்கம். மேசையில் எலுமிச்சை எண்ணெய் வாசனையும் பழைய கம்பிகளின் துரு வாசனையும். சுவருக்கு அப்பால் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடுவது கேட்டது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தச் சுவருக்கு அப்பால் தூங்குகிற ஒருத்திதான். அவள் தூக்கம் கெடக் கூடாது என்பதில் அவன் கொஞ்சம் பைத்தியம்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். அடியில் கம்பி உட்காரும் சின்னக் குதிரையைத் திருப்புளியால் பின்னுக்குத் தள்ளினான். திருகு முடிகிற வரை தள்ளியும் பயனில்லை. தலைப்பக்கப் பள்ளத்தை அரத்தால் சீராக்கினான். கடைசியில் பழைய கம்பியையே கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டி, கிட்டாரின் தலையைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுக்கப்போட்டு, சாவியை முறுக்கினான்.

சுதி சேர்ப்பதில் ஒரு முறை உண்டு. சுதி ஒரு மயிரிழை கூடிப்போனால் அப்படியே இறக்கி நிறுத்தக் கூடாது. தாராளமாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் கம்பி நழுவாமல் நிற்கும். இது யாரும் யோசித்துச் செய்வதில்லை, சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி விரல் தானாகச் செய்துவிடும். அவன் விரலும் செய்தது. தளர்த்தினான், ஏற்றினான். கிட்டாரின் தலையைக் கவ்வியிருந்த ட்யூனரில், சுதி சேர்ந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தது. மணியைத் தேடினான். அது ஒன்பதாவது கோட்டுக்குப் போயிருந்தது.

அடப்பாவி என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி தளர்த்தி ஏற்றினான். ஐந்து.

இன்னொரு முறை. முதல் கோடு.

அதற்கு அடுத்த முறை கழுத்தில் எங்குமே மணி இல்லை.

அப்போதுதான் அவன் கவனித்தான். சாவியைத் தளர்த்தும்போது கம்பி தொய்ந்து தொங்க வேண்டும் அல்லவா? தொங்கவில்லை. சுதி இறங்கியதே தவிர, கம்பி விறைப்பாக அப்படியே நின்றது. அவன் விட்டதை எதுவோ வாங்கிக்கொண்டது. இறுக்கியபோது திருப்பித் தரவில்லை. இவ்வளவு நேரமும் சுதி சேர்க்கிறேன் பேர்வழி என்று அவன் எதற்கோ கம்பியை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். 

ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. வலது கையால் கம்பியை மீட்டி, இடது கை ஆள்காட்டி விரலைக் கிட்டாரின் தலையைத் தாண்டி வெறும் காற்றில், கம்பி நீண்டிருந்தால் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில், மெல்ல நகர்த்திக்கொண்டு போனான். விளக்கு வெளிச்சம் முடிந்து சுவரின் நிழல் தொடங்குகிற இடத்தில் விரலில் ஏதோ பட்டது. மெலிசாக. சில்லென்று. துடித்துக்கொண்டு.

மணி ஒலித்தது.

கையைச் சுட்டது போல இழுத்துக்கொண்டான்.  மனுஷனுக்குப் பயம் வந்தால் தெரிந்த வேலையைத்தான் செய்வான் போலிருக்கிறது. அவன் இஞ்சு டேப்பை எடுத்தான். குதிரையிலிருந்து மணி எழுந்த இடம் மூன்றரை அடி. நடு அதுவென்றால் மறுமுனை ஏழடி. டேப்பைச் சுவர்வரை நீட்டினான். நான்கடியில் சுவர் வந்துவிட்டது. மிச்சம் மூன்றடி சுவருக்கு அந்தப்பக்கம்.

அந்தப்பக்கம் மூன்றடியில் அக்காவின் தலையணை.

மின்விசிறி கிறீச்சிட்டது. அதற்குக் கீழே அக்கா புரண்டு படுக்கும் சத்தம். பிறகு அவள் குரல், தூக்கத்தில் குழைந்து, எரிச்சலோடு.

"டேய், என் முடியை எதுக்குடா இழுக்கிற?"

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.  

"நான் இங்க இருக்கேன்க்கா. மேசைகிட்ட."

 மின்விசிறி இன்னொரு சுற்றுக் கிறீச்சிட்டது.

"அப்ப இங்க யாரு?"

தூக்கம் அவள் குரலை விட்டுப் போயிருந்தது. எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவள் குரல் நடுங்கி இதற்கு முன் அவன் கேட்டதே இல்லை. எழுந்து வெளியே வா என்று கத்தினான். எழுந்திருக்க முடியவில்லை, பின்னல் எங்கேயோ மாட்டியிருக்கிறது என்றாள். அவன் பாய்ந்து எழுந்தான். இரண்டடி வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் சாவி தானாகச் சுழன்றது, கடகடவென்று, கிணற்றில் வாளி விழும்போது உருளை ஓடுகிற மாதிரி. சுவருக்கு அப்பால் அக்கா அலறினாள். ஓடிவந்து சாவியைப் பிடித்தான். அலறல் நின்றது.

விட்டால் அது இழுக்கும். பிடித்தால் நிற்கும். அவ்வளவுதான் அவனுக்குப் புரிந்தது.

வெட்டிவிடலாம். கட்டிங் பிளேயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுத்தும்விட்டான். ஆனால் விறைத்து நிற்கிற கம்பியை வெட்டினால் என்ன ஆகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு முனையும் சாட்டையாகச் சுழன்று அடிக்கும். ஒருமுறை அப்படி அடித்ததில் புருவத்தில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு முனை அவன் முகத்தில் அடிக்கட்டும், பரவாயில்லை. இன்னொரு முனை அக்காவின் கழுத்துப் பக்கம் இருந்தது.

பிளேயரைக் கீழே வைத்தான்.

தளர்த்தக் கூடாது. வெட்டக் கூடாது. மிஞ்சியது ஒன்றுதான். விட்டுக்கொடுத்த கம்பியை எல்லாம் திருப்பி வாங்குவது. அது எதுவானாலும் சரி, அக்காவிடமிருந்து பிடுங்கி இந்தப்பக்கம் இழுத்துவிடுவது. வந்தால் அவன்மேல் விழட்டும்.

முறுக்கினான்.

கனத்தது. கம்பி இத்தனை கனம் இருக்காது. சாவி விரலில் வெட்டியது, வியர்வையில் வழுக்கியது, சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்து முறுக்கினான். ஒரு சுற்று. இன்னொன்று. இந்த முறை தளர்த்தவே இல்லை. தளர்த்தப் போன விரலை அவனே பல்லைக் கடித்துத் தடுத்தான். சாவியின்மேல் கம்பி சுற்றுக்குமேல் சுற்றாக ஏறியது. அந்தப்பக்கம் கட்டில் கால் தரையில் தேய்ந்தது. துணி உரசியது. ஏதோ தரையில் இழுபட்டது. நிதானமாக. சுவரை நோக்கி.

அக்கா என்னமோ சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. பொறுத்துக்கோ அக்கா, வந்துடுச்சு, வந்துடுச்சு என்று புலம்பிக்கொண்டே முறுக்கினான். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

மீட்டிப் பார்த்தான். முதல் கோட்டில் மணி. திரும்பி வருகிறது! முறுக்கினான். ஐந்து. முறுக்கினான். ஒன்பது. சுவருக்குள் சுண்ணாம்பு நொறுங்குவது போல ஒரு சத்தம். பிறகு ஏதோ ஈரமாக நெரிகிற சத்தம், நீளமாக, நிற்காமல். அவன் காதை மூட முடியாது. இரண்டு கையும் சாவியில் இருந்தது.

பிறகு எல்லாம் அடங்கியது.

"இப்ப வலிக்கலடா."

அக்காவின் குரல். தெளிவாக, அமைதியாக. மேசைக்கு மேலே, சுவரை ஒட்டி, அவன் காதுக்கு நேராக.

அவனுக்கு உயிர் வந்தது. சிரிப்பு வந்தது. கடைசிச் சுற்று முறுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. பன்னிரண்டாவது கோட்டை விரலால் தொட்டு மீட்டினான். மணி ஒலித்தது, அப்பழுக்கில்லாமல். சாவியை விட்டான். அது சுழலவில்லை.

"அக்கா?"

 மயக்கமாக இருக்கும். தண்ணீர் கொடுக்க வேண்டும். ஓடினான். கதவைத் தள்ளினான்.

கட்டில் சுவரோடு வந்து ஒட்டியிருந்தது. போர்வை மட்டும் அதன்மேல் கிடந்தது. ஜன்னல் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சுவரில் ஓர் ஓட்டை. ஆணி அடித்த ஓட்டைகூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அதைச் சுற்றிச் சுண்ணாம்பு நனைந்து கறுத்திருந்தது. அதிலிருந்து அக்காவின் பின்னல் தொங்கியது. முழுதாக இல்லை, முழ நீளம்தான் மிச்சம். கீழே தடிமனாக, ரப்பர் வளையம் போட்டபடி. ஓட்டையை நெருங்க நெருங்கச் சிறுத்து, திரிந்து, கம்பியாகி, உள்ளே போய்க்கொண்டிருந்தது. மெதுவாக. விரற்கடை விரற்கடையாக.

அவன் இரண்டு கையாலும் பின்னலைப் பிடித்தான். சுவரில் காலை உதைத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தான். அது நின்றது.

அடுத்த அறையில், ஆளில்லாத மேசையில், ஆறாவது கம்பி ஒலித்தது. அவன் இழுக்க இழுக்கச் சுதி ஏறியது. பிடி கொஞ்சம் தளர்ந்தபோது சுதி இறங்கியது, பின்னலும் ஒரு விரற்கடை உள்ளே போனது. வெறிபிடித்தவன் போல மறுபடி இழுத்தான். சுதி மறுபடி ஏறியது, ஏறி, சரியான இடத்தில் வந்து நின்றது. அது கம்பியின் ஒலி அல்ல என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மூச்சு விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சுதியில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள்.